பாடும் பங்கும்: முத்துக்குளித்துறையில் ஏற்றத்தாழ்வும் நம்பிக்கையும்

வருமான ஏற்றத்தாழ்வு மனிதரின் மகிழ்ச்சியைக் குறைக்கும் என்பது பெரும்பாலும் கேட்காமலே ஒப்புக்கொள்ளப்படுகிறது. அது நம்பிக்கையை எப்போது குலைக்கிறது என்பதுதான் சிக்கலான கேள்வி. அடுத்த வீட்டுக்காரர் மாடி எழுப்பும்போது ஒருவருக்கு ‘நமக்கும் ஒரு காலம் வரும்’ என்று தெம்பு பிறக்கலாம். இன்னொருவருக்கு இனி எதுவும் இல்லை என்று தோன்றலாம். இருவரும் அண்ணாந்து பார்க்கும் மாடியின் உயரம் ஒன்றுதான். ஆகவே வித்தியாசத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு நம்பிக்கையை அளக்க முடியாது. அந்த வித்தியாசம் எந்த வழியில் உண்டாயிற்று, யார் வகுத்த கணக்கில் உண்டாயிற்று என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பார்ப்பதற்குத் தூத்துக்குடிக் கரையைப் போல வாய்ப்பான இடம் குறைவு. முத்து, சங்கு, மீன், உப்பு, கப்பல் சரக்கு என்று ஒரே கடல் பல விதமாகச் செல்வம் தந்த கரை அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிரிக்கப்பட்டது. சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம் மூன்றும் அந்தப் பிரிவினைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கரையின் பேச்சிலேயே பாதி விசாரணை முடிந்திருக்கிறது. படகு கரை சேரும்போது ‘பாடு எப்படி?’ என்று கேட்டால், மீன் எவ்வளவு பட்டது என்று கேட்பதாகப் பொருள். நல்ல பாடு என்றால் அன்று வீட்டில் அடுப்பு தாராளமாக எரியும். அதே சொல் துன்பத்துக்கும் பெயர்: பட்ட பாடு, பெரும்பாடு. தவக்காலத்தில் கோவிலில் தியானிக்கப்படும் கிறிஸ்துவின் வேதனையும் ‘திருப்பாடுகள்’தான். ஆக, வருமானம், வருத்தம், மீட்பு மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘பங்கு’ என்ற சொல்லும் இப்படித்தான். படகுப் பாட்டை விற்று ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது பங்கு, ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊரும் பங்கு, அவர் பங்குத்தந்தை. சொற்கள் தற்செயலாகவும் ஒன்றுகூடலாம், அதிலிருந்து தத்துவம் கறப்பது ஆபத்தான வேலை. ஆனாலும் இந்தக் கரையில் நியாயம், அநியாயம் என்று எழுந்த வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் எழுந்தன: பாடு யாருடையது, பங்கு யாருக்கு.

மன்னார் வளைகுடாவின் கடலடியில் திட்டுத்திட்டாகக் கிடக்கும் பாறைத் தரைக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக்கு நேரே உள்ள தொல்லாயிரம் பார் அவற்றில் பெயர் பெற்றது. முத்துச்சிப்பி இந்தப் பார்களில்தான் ஒட்டி வளரும். குளிப்பு நடக்கும் பருவம் சலாபம். சலாபத்தில் ஒரு முக்குளிப்பவரின் வேலை இது: சுமார் 15 கிலோ எடையுள்ள கல்லில் கட்டிய கயிற்று வளையத்துக்குள் ஒரு காலை நுழைத்து, கழுத்தில் கயிற்றுப் பையை மாட்டி, மூச்சை இழுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். மேலே நிற்பவர் கயிற்றைத் தளர்த்தியதும் கல் அவரை ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறக்கிவிடும். காலை விடுவித்ததும் கல் மேலே போய்விடும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் திணித்து, கயிற்றைச் சுண்டினால் மேலே இழுப்பார்கள். கயிறு பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பது நல்லது என்பது கரையோர வழக்கு. தங்கை தாலியை நினைத்தாவது மச்சான் கயிற்றை ஒழுங்காக இழுப்பான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறி இறங்குவார்கள். ஒரு நாளில் ஒருவர் எத்தனை முறை இறங்கினார் என்பதை அவர் காதும் மூக்கும் இரவில் சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு மேலே வந்த சிப்பி முக்குளிப்பவருடையது அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸ், கொற்கைப் பக்கத்து முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. அது உண்மையானால் அவர்களுக்குப் பங்கு என்ற பேச்சே எழுந்திருக்காது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ வேறொரு கணக்கைக் குறித்திருக்கிறார்: பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறா கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டி வைப்பவருக்கு. பிற்காலத்தில் இந்த மந்திரக்காரரைக் கடல்கட்டி என்று அழைத்தார்கள். குளிப்பவர்கள் கத்தோலிக்கரும் முஸ்லிம்களுமாக மாறிய பிறகும் கடல்கட்டி இல்லாமல் இறங்க மறுத்தது உண்டு. ஆங்கிலேய அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று எழுதி வைத்தார்கள். சுறாவுக்கு நடுவே இறங்குபவர் தன் பங்கில் ஒரு துளியை அச்சம் தீர்ப்பவருக்குக் கொடுப்பதில் புரியாததற்கு ஒன்றும் இல்லை. காப்பீட்டுக்குத் தவணை கட்டுவது போலத்தான்.

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் காலத்தில் ‘கல்’ என்பதே உரிமையின் அளவாயிற்று. இத்தனை கல் என்றால் அத்தனை பேரை இறக்கிக் குளிக்க வைக்கும் உரிமை. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் வரியில்லாக் கற்கள் உண்டு. அவர்கள் கடலில் கால் நனைக்க வேண்டியதில்லை. ஆங்கில ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கணக்கு இன்னும் துலக்கமாகிவிட்டது: கொண்டுவந்த சிப்பி மூன்று பங்காகும், இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்த ஒன்றிலிருந்துதான் படகுக்கும் படகுத் தலைவரான சம்மாட்டிக்கும் கயிறு பிடித்தவருக்கும் போக வேண்டும்.

சிப்பி பிளக்கப்படாமலே பிரிக்கப்பட்டதும் பிளக்கப்படாமலே ஏலம் போனதும்தான் கவனிக்க வேண்டியவை. ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று வியாபாரி கேட்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அரசுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள் மொத்தமாக எடுத்தார்கள். கையில் சில அணாக்கள் இருந்தவர்கள் குளித்தவரின் பங்கிலிருந்து நாலைந்து சிப்பி வாங்கி, கரையிலேயே குந்திப் பிளந்து பார்த்தார்கள். பெரும்பாலும் நாற்றமடிக்கும் சதைதான் மிஞ்சும். ஒருவருக்கு நல்ல முத்து கிடைத்துவிட்டால் கரை முழுதும் அதே பேச்சாக இருக்கும்.

இந்தச் சந்தையில் இரண்டு வகை ஏற்றத்தாழ்வுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு படகில் இறங்கிய இருவரில் ஒருவருக்கு முத்தும் மற்றவருக்கு வெறும் ஓடும் கிடைத்தது அதிர்ஷ்டத்தால் வந்த வித்தியாசம். மூன்றில் இரண்டு பங்கு முதலிலேயே கழிந்தது விதியால், அதாவது சட்டத்தால், வந்த வித்தியாசம். தமிழில் விதி என்ற ஒரே சொல் தலையெழுத்தையும் சட்டத்தையும் குறிப்பது இந்த இடத்தில் பெரிய தொந்தரவு. தலையெழுத்து மாற்ற முடியாதது என்று எண்ணிப் பழகியவருக்குச் சட்டமும் மாற்ற முடியாததாகத் தோன்றிவிடும். முதல் வகை வித்தியாசத்தைக் கரை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள், சொல்லப்போனால் விரும்பினார்கள். இன்று அவனுக்குத் திறந்த சிப்பி நாளை இவனுக்குத் திறக்கலாம். அந்தக் குருட்டுத்தனமே நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. இரண்டாம் வகையில் குருட்டுத்தனம் இல்லை. பங்கு போடுகிறவருக்குக் கண் தெரியும்.

நல்லது வாய்த்தவரைப் பார்த்துத் தென்மாவட்டங்களில் ‘கொடுத்து வைத்தவர்’ என்பார்கள். வாய்க்காதவர் ‘நமக்குக் கொடுப்பினை இல்லை’ என்பார். இந்தச் சொற்களின் அடியில் முழு மறுபிறப்புக் கணக்கே இருக்கிறது. இப்போது பெறுபவர் முன்பு எங்கோ கொடுத்து, சேமித்து வைத்தவர். இல்லாதவர் அன்று கொடுக்கவில்லை. வினைக் கோட்பாட்டின் இந்த எளிய வடிவம் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது. பொறாமை வயிற்றை எரிப்பதைத் தணிக்கிறது, ஏழைக்கும் ‘இப்போது கொடுத்தால் பிறகு கிடைக்கும்’ என்ற ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. ஆனால் அது கேட்கும் விலையும் சிறிதல்ல. இல்லாமை இல்லாதவரின் பழைய குற்றமாகிவிடுகிறது. முத்துச் சிப்பிக்கு இது பொருந்தினாலும் பொருந்தட்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் விடை இல்லை.

திருக்குறள் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கவில்லை. 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோராமல் உழைப்பவர் ஊழையும் முதுகு காட்டச் செய்வார் என்ற எல்லைக்குப் போகிறது. இரவச்சம் என்ற 107ஆம் அதிகாரத்திலோ, பிச்சையெடுத்துத்தான் சிலர் வாழ வேண்டும் என்று இருந்தால் இவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று ஒரு சாபம் இருக்கிறது. சமய நூல் எதிலும் வருவதற்குத் தயங்கும் கோபம் அது. வறுமையைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் குறளுக்கு அவசியமே இருந்திருக்காது.

சலாபத்தின் மகிழ்ச்சி அடிக்கடி வந்ததும் இல்லை. 1830இல் ஒரு குளிப்பு நடந்த பிறகு தூத்துக்குடிப் பார்கள் முப்பது ஆண்டு சும்மா கிடந்தன. 1860 முதல் 1862 வரை குளிப்பு, மறுபடி 1889 வரை மௌனம். இடையிடையே அதிகாரிகள் ஆட்களை இறக்கிப் பார்ப்பார்கள், குஞ்சுச் சிப்பி கண்டால் ஊரே கணக்குப் போடும், அடுத்த சோதனையில் அது காணாமல் போயிருக்கும். ஒரு தலைமுறை முழுதும் சலாபத்தைக் கேள்விப்பட்டே வளர்ந்து, ஒன்றையும் காணாமல் முதுமை அடைந்திருக்கலாம். கடைசியாக 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் சிப்பியில் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது அறிவியலில் பெரிய சாதனை. குளிப்பவர்களின் பழைய தொழிலை அது திருப்பித் தரவில்லை. அவர்களில் பலர் சங்குக்கு மாறினார்கள். சங்கு கைக்குத் தெரிகிற பொருள், எடுத்த அன்றே அளவு பார்த்து விலை. முத்தைப் போலத் திடீர் வாழ்வும் இல்லை.

பங்குச் சண்டையே ஒரு சமூகத்தின் சமயத்தை மாற்றிய வரலாறும் இந்தக் கரைக்கு உண்டு. 1530களில் இந்தக் கரையின் கடல்தொழில் சமூகமான பரதவர்களுக்கும், குளிப்பிலும் கடல் வாணிபத்திலும் ஓங்கியிருந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கும் மோதல் முற்றியது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள்; 1535 முதல் 1537க்குள் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் நடந்தது. ஆன்ம மீட்பை விடக் கடல் உரிமைதான் அப்போது முன்னால் நின்றது என்று எழுதாத வரலாற்றாசிரியர் குறைவு. அது சரி. ஆனால் உயிருக்கும் பிழைப்புக்கும் ஆபத்து வந்தபோது தேடிய காவலை ஆன்மிகம் அல்ல என்று தள்ளிவிடுவதும் அவசரம். நம்பிக்கை எப்போதும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தே தொடங்குகிறது.

எதிர்பார்த்தது அப்படியே கிடைக்கவில்லை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, மனப்பாடமாகத் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். காவல் தந்ததற்காக இந்தக் கரை போர்ச்சுகலுக்குக் கட்டிய பணத்தில் ஒரு தொகை ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. முக்குளிப்பவர் கடலடியில் மூச்சடக்கிச் சேர்த்ததில் ஒரு பங்கு லிஸ்பனில் செருப்பாயிற்று! சவேரியார் ராணிக்கு எழுதி, அந்தப் பணத்தை இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரக் கேட்டார். மோட்சத்துக்கு ஏறுவதற்கு அந்தப் பிள்ளைகளை விட நல்ல காலணி ராணிக்கு வேறு இல்லை என்பது அவர் வாதம். பணம் கிடைத்தது. இதைக் கருணை என்றும் சொல்லலாம். எடுத்த பங்கில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன வழக்கு என்றும் சொல்லலாம். சவேரியாரின் வாரிசு போல உழைத்த அன்றிக்கு அடிகளார் என்ற என்றீக்கெ என்றீக்கஸ், புன்னைக்காயலில் மக்களின் காணிக்கையில் மருத்துவமனை நடத்தினார். அங்கேதான் 1586இல் ‘அடியார் வரலாறு’ தமிழில் அச்சாயிற்று.

கத்தோலிக்க ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று கடவுள் சார்ந்த புண்ணியங்கள் மூன்று. இவற்றில் நடுவில் உள்ள நம்பிக்கையை 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் நுட்பமாக வரையறுத்தார். நம்பப்படுவது நல்லதாக, இனி வரப்போவதாக, அடையக் கடினமானதாக, ஆயினும் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். எளிதாகக் கிடைப்பதை யாரும் நம்பிக் காத்திருப்பதில்லை. முடியவே முடியாததையும் நம்புவதில்லை. இதற்கு எதிராக இரண்டு பாவங்களை அவர் சொன்னார்: முடியாது என்று கைவிடுவது ஒன்று, முயற்சியில்லாமலே வந்துவிடும் என்று மிதப்பது மற்றொன்று. ஏற்றத்தாழ்வு மிகும் ஊரில் இந்த இரண்டும் சேர்ந்தே வளர்வதைப் பார்க்கலாம். கீழே உள்ளவர் கைவிடுகிறார். மேலே உள்ளவர் தமக்குக் கிடைத்ததெல்லாம் தமக்கே உரியது என்று மிதக்கிறார். சிலுவைப் பாட்டையும் கடற்பாட்டையும் சேர்த்துப் பார்ப்பதில் ஆறுதல் உண்டு. ‘இங்கே பட்டால் அங்கே கிடைக்கும்’ என்று முடித்துக்கொண்டால் அதுவும் கொடுப்பினைக் கணக்கின் மறுபக்கம்தான். முந்தைய பிறவிக்குப் பதில் மறு உலகம் வருகிறது, பங்கு போட்டவர் இரண்டிலும் தப்பிவிடுகிறார்.

1555இல் மணிலாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொரூபத்தைக் கொண்ட தூத்துக்குடிப் பனிமய மாதா கோவிலில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 பெருவிழா. பரதவர் சாதித்தலைவர் 1806இல் செய்து கொடுத்த தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை, சிறப்பு ஆண்டுகளில் மட்டும் ஓடும். கடைசியாக 2023இல் ஓடியது. வாடகை வீட்டுக்காரரும் படகு முதலாளியும் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கும் அந்த நாளில் ஊரின் ஏற்றத்தாழ்வு ஒரு கணம் மறைகிறதா, அல்லது தங்கத்தின் பளபளப்பில் இன்னும் எடுப்பாகத் தெரிகிறதா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தேர் யாருடைய தனிச் சொத்தும் இல்லை என்பது முதல் தரப்பின் வலுவான வாதம். பொதுவில் உள்ள பொன் யாருக்கும் வயிற்றெரிச்சல் தருவதில்லை.

ஆனால் கோவிலின் பங்கும் எப்போதும் மனமுவந்து கொடுக்கப்பட்டதில்லை. கடற்கரை ஊர்கள் பலவற்றில் மீன் பாட்டிலிருந்து கோவிலுக்குக் குத்தகை போனது. சுறாவின் துவியை, அதாவது துடுப்பை, கோவிலுக்கு விடும் துவிக்குத்தகை அதில் ஒரு வகை. சுறாவில் விலை போவது துவிதான். 20ஆம் நூற்றாண்டில் இதை எதிர்த்துக் கரையில் எழுந்த சச்சரவுகள் கடவுள் மறுப்பால் எழுந்தவை அல்ல. கொடுத்தவர்கள் ஜெபமாலை சொன்னவர்கள்தான். கணக்குக் கேட்டார்கள், அவ்வளவே.

இஸ்லாமியக் கடற்கரை வேறொரு கோணத்தைச் சேர்க்கிறது. ஜகாத் என்பது ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அது கொடுப்பவரின் தயவு அல்ல. செல்வத்துக்குள்ளேயே ஏழைக்கு உள்ள உரிமை என்பது அதன் அடிப்படை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி செத்தும் கொடுத்தவர் என்று தமிழ் கொண்டாடுகிறது. வள்ளலைப் புகழும் மரபு சொல்லாமல் விடுவதை ஜகாத் சொல்கிறது: வாங்குபவர் தலை குனிய வேண்டியதில்லை. மகிழ்ச்சியைப் பற்றிய கணக்கில் இந்தத் தலை குனிவு பெரிய தொகை. ஒரே ஆயிரம் ரூபாய், பங்காக வந்தால் ஒரு மாதிரியும் தானமாக வந்தால் வேறு மாதிரியும் செலவாகிறது.

பொருளாதாரம் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. ஒரு நாட்டுக்குள் வருமானம் கூடியவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுதும் வருமானம் ஏறினால் மகிழ்ச்சி அதே விகிதத்தில் ஏறுவதில்லை என்று 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எழுதினார். மனிதர் பணத்தை எண்ணுவதைவிடப் பக்கத்து வீட்டைப் பார்ப்பதே அதிகம் என்பது அவர் விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டு ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் ஓர் உவமை சொன்னார். இரண்டு தடங்கள் உள்ள மலைக் குகைப் பாதையில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. பக்கத்துத் தடம் நகரத் தொடங்கினால், நிற்பவருக்கு முதலில் வருவது பொறாமை அல்ல, மகிழ்ச்சி. அடைப்பு விலகிவிட்டது, அடுத்து நம் தடம். நேரம் போகப் போக அவர்கள் மட்டுமே நகர்ந்தால் அதே மகிழ்ச்சி ஆத்திரமாகும். தடம் மாறி நுழையவும் பார்ப்பார்.

முத்துக்குளித்துறையின் அனுபவம் இந்த உவமையில் ஒரு திருத்தம் கேட்கிறது. ஹிர்ஷ்மன் காலத்தை முக்கியமாகக் கொண்டார். இங்கே முப்பது ஆண்டு சலாபம் இல்லாமலும் பாரின் மீதான நம்பிக்கை சாகவில்லை. சாக வைத்தது வேறு. கடல் எல்லோருக்கும் ஒன்றாக மூடிக்கொண்டபோது மக்கள் காத்திருந்தார்கள். ஒருவருக்குத் திறந்து ஒருவருக்கு மூடும் கை மனிதக் கை என்று தெரிந்த இடத்தில்தான் காத்திருப்பது கசந்தது. 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடும் செல்வத்தில் 40.1 விழுக்காடும் மேலே உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் கணக்கிட்டது. இத்தகைய எண் தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில் யாரையும் தூங்கவிடாமல் செய்யாது. அவ்வளவு உயரம் கண்ணுக்கு எட்டுவதில்லை. அதே கரையில் மீன் ஏலத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கேட்கப்பட்டால் அன்று தூக்கம் போய்விடும்.

மீன்பிடிப் படகில் பங்கு முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பாடு விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. விகிதம் கரைக்குக் கரை, படகுக்குப் படகு மாறும். கரையில் உட்கார்ந்து எல்லோர் கண்ணெதிரிலும் ரூபாயைப் பிரிக்கும்போது, வெறும் கையோடு வந்த நாளில் முதலாளியும் வெறும் கைதான் என்பது தெரிகிறது. அதனால்தான் அங்கே ‘எங்க படகு’ என்ற பேச்சு வருகிறது, படகு தனதில்லாதவர் வாயிலும். முன்பணம் வாங்கியவர் கதை வேறு. கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொன்னதே விலை. பங்கு பெயருக்கு இருக்கும், கணக்கு அவர் நோட்டில் இருக்கும். கடல் கொடுத்த நல்ல பாடு கடனுக்குள் போய் மறையும்போது நம்பிக்கைக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது.

உப்பளத்தில் பாடும் இல்லை, பங்கும் இல்லை. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடிச் சுற்றுப்புறத்தில்தான். பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் ஏற்றுவதும் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும் கூலி வேலை, சுமப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். வெயில் வெள்ளைப் பரப்பில் பட்டு மேலே எகிறுவதால் கண் கூசும், உப்புநீரில் ஊறிய கால் வெடிக்கும். இந்த வாழ்க்கையை நேரில் வந்து பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. உப்பு நன்றாக விளைந்த ஆண்டிலும் கூலி கூலிதான், விலை ஏறினாலும் கூலிதான். முக்குளித்தவருக்கு இருந்த குருட்டு அதிர்ஷ்டம்கூட இங்கே கிடையாது. மீனவர் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று சொல்லக்கூடிய இடத்தில் உப்பளத் தொழிலாளிக்கு நாளை இன்றைப் போலவே இருக்கும் என்பது உறுதி. அந்த உறுதிதான் வேதனை. எனவே நம்பிக்கை ஆள் மாறிப் பிள்ளைகளிடம் போய்விடுகிறது: பள்ளிக்கூடம், கல்லூரி, கப்பல் வேலை. ‘நம்ம காலம் இப்படியே போச்சு, பிள்ளைக உப்பளத்துக்கு வரக் கூடாது’ என்ற பேச்சில் கைவிடுதலும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. அன்பால் தன்னோடு ஒன்றானவருக்காகவும் ஒருவர் நம்பலாம் என்று அக்குவினாஸ் ஒப்புக்கொண்டார். தனக்குக் கைவிட்டதைப் பிள்ளைக்காக நம்புவது அந்த வகைதான்.

பங்கு இல்லாத இடத்தில் நம்பிக்கை கூட்டாகவும் பிறக்கலாம் என்பதற்குத் தூத்துக்குடியின் சாட்சி 1908ஆம் ஆண்டு. கோரல் மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள் பிப்ரவரி இறுதியில் வேலையை நிறுத்தினார்கள். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஊர் அவர்களுக்குச் சோறு போட்டது. மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில் நாவிதர் மீதியை மழிக்க மறுத்துவிட்டார் என்ற செய்தி இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். வெற்றி நீடித்த நாட்கள் குறைவு. ஆனால் கூலியை நிர்ணயிப்பது தலையெழுத்து அல்ல, பேச்சுவார்த்தை என்பதை அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது. விதி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அங்கே பிரிந்துகொண்டன.

உப்பளக் கூலியும் இப்போது தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசும் ஒப்பந்தத்தில்தான் முடிவாகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். உப்பு உற்பத்தி இல்லாத அந்த மாதங்களுக்காகத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசியில் அந்தப் பணம் அளவில் சிறிது. அதற்கு அந்தத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் உதவித்தொகையா, உரிமைத்தொகையா என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு பணம். ஜனவரியில் தண்ணீரை இறைத்து, அடிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தி, பாத்தியை மறுபடி கட்ட வேண்டும். முதல் உப்பு படிய அதற்கு மேலும் சில வாரம் ஆகும்.